வலை நம்முடையது, முடிச்சு யாருடையது?

புதுவைக்குத் தெற்கே கடலையொட்டிக் கிடக்கும் வீராம்பட்டினத்தைப் புதுவை மக்கள் அறிந்திருப்பது செங்கழுநீரம்மன் ஆடித் தேரால். பிரெஞ்சியர் ஆண்ட நாளில் அவர்தம் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் அது. தொல்பொருள் அறிஞர் அவ்வூரை அறிந்திருப்பது அரிக்கமேட்டால். 1947 முதல் 1950 வரை அங்கு அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் காசால், 1949-இல் வெளியிட்ட தம் நூலுக்கு வீராம்பட்டினத்தின் பெயரையும் அரிக்கமேட்டின் பெயரையும் இணைத்தே தலைப்பிட்டார். மூன்றாவது சிறப்பொன்று அவ்வூர்க்கு உண்டு. அதனைத் தமிழர் ஏறக்குறைய மறந்தே போயினர். அது கடற்கரையில் கட்டப்பெற்றிருந்த ஒலிபெருக்கி.

1998-ஆம் ஆண்டில், கனடா நாட்டு வளர்ச்சி ஆய்வு நடுவம் ஒன்றின் பொருளுதவியோடு, எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமையிடமாக வைத்துப் புதுவைச் சிற்றூர்களில் அறிவு நடுவங்களைத் தோற்றுவித்தது. தொலைபேசிக் கம்பி ஒழுங்காக எட்டாத ஊர்களுக்குக் கம்பியில்லாக் கருவிகளின் வழியே செய்தி சென்றது. மின்னோட்டம் அடிக்கடி நின்றுபோன இடங்களில் கதிரவன் ஒளியைக் கொண்டு கணினியை இயக்கினர். அந்நடுவங்களுள் ஒன்று வீராம்பட்டினத்திற்கு வாய்த்தது. அமெரிக்கக் கடற்படை வங்கக் கடலின் அலை உயரத்தை முன்கணித்துத் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டு வந்தது. அதனை நாள்தோறும் எடுத்து, தமிழாக்கி, கரையில் நின்ற ஒலிபெருக்கிகளின் வழியே மீனவர் செவியில் விழச் செய்தனர். கட்டுமரத்தை இறக்குவதா, கரையிலேயே கிடத்துவதா என்பதை முடிவு செய்ய மீனவர்க்கு அது துணையாயிற்று.

அயலவன் கணித்த அலையைக் கேட்டுத் தமிழன் கடலில் இறங்குவதா என்று அன்றே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமுமாகக் காற்றைத் திசை பிரித்துப் பெயரிட்ட மரபினர்க்கு அது சிறிது உறுத்தவே செய்யும். எனினும், அவ் ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தது எண்ணும் படமுமே. வந்து சேர்ந்தபின் அது வீராம்பட்டினத்தின் உடைமையாயிற்று. அதனைத் தமிழில் எழுதியவர் அவ்வூரார், படித்தவர் அவ்வூரார், ஒலிபெருக்கி அவ்வூரது. நடுவழியில் எவனும் அந்தக் குரலை மாற்றிப் பேச வைத்திருக்க இயலாது. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அண்டையிலுள்ள நல்லவாட்டு இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊர் ஒலிபெருக்கி அதனை உடனே முழங்கிற்று. மக்கள் கரையை விட்டகன்று உயிர் பிழைத்தனர். செய்தி சிங்கப்பூரிலிருந்து வந்தது. கருவியோ ஊராரின் கையில் இருந்தது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். அன்று கரையில் நின்று ஒலிபெருக்கியைக் கேட்டவரின் மகன் இன்று கைப்பேசியைத் திறக்கிறான். கடல்நிலையோ, பள்ளித் தேர்வு முடிவோ, பங்கீட்டு அட்டைச் செய்தியோ பார்க்கிறான். அவன் கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாமல் அப்பக்கத்தோடு வந்திறங்குபவை இயங்குநிரல்கள். சாவாசிகிரிப்டு என்னும் மொழியில் எழுதப்பெறும் கட்டளைத் தொடர்கள் அவை. 1995-இல் நெட்சுகேப்பு நிறுவனத்தில் பிரண்டன் ஐக்கு என்பார் பத்தே நாளில் உருவாக்கிய மொழி அது. பத்து நாளில் பிறந்த மொழி இன்று உலகின் இணையப் பக்கங்களில் பெரும்பாலானவற்றை ஆட்டிப் படைக்கிறது. பல்லாயிரம் ஆண்டு மொழிக்கோ உரிய இடம் கேட்டு வாதாட வேண்டியிருக்கிறது. அது வேறு புலம்பல், நிற்க.

இயங்குநிரல் என்பது படிக்கத்தக்க எழுத்தன்று, செய்யத்தக்க ஏவல். பக்கத்தைத் திறந்தவனுடைய கணினியிலேயே, அவனுடைய மின்னாற்றலைச் செலவிட்டு, அவன் அறியாமலே அது வேலை செய்யும். பட்டியை விரிப்பதும் அதுவே. பார்ப்பவன் எங்கெங்கே விரல் வைத்தான் என்று எழுதி எவனுக்கோ அனுப்புவதும் அதுவே. இதனினும் கேடு, இந்நிரல் பல வேளைகளில் அப்பக்கத்திற்கு உரியவர் வீட்டிலிருந்து வருவதில்லை. பக்கத்தைக் கட்டுவோர் பலரும் அடிக்கடி வேண்டப்படும் நிரல்களைத் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய நிரற்களஞ்சியங்களைக் கையாள்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் அக்களஞ்சியத்தைத் தம் வழங்கியில் படியெடுத்து வைக்கவும் சோம்பி, அயல்நாட்டுக் குழுமம் ஒன்றன் கிடங்கு முகவரியை ஒரு வரியில் எழுதிவிட்டு அமைகின்றனர். பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் பார்ப்பவனுடைய உலாவியே அந்தக் கிடங்கிற்கு ஓடி, கொடுத்ததை வாங்கிவந்து, ஆராயாமல் இயக்குகிறது.

விருந்துக்கு அழைத்தவன் வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று வையுங்கள். இலை மட்டும் அவன் வீட்டில் போடப்படுகிறது. சோறு ஒரு தெருவிலிருந்து, குழம்பு இன்னொரு தெருவிலிருந்து, உப்பு யார் வீட்டிலிருந்தோ. உண்பவன் ஒவ்வொரு கவளத்திற்கும் அந்தந்த வீட்டு வாயிலில் சென்று நின்று, தன் பெயரும் ஊரும் சொல்லி வாங்கி வரவேண்டும். இப்படி ஒரு விருந்தோம்பல் தமிழ்நாட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இணையத்தில் அதுவே நடைமுறை.

இதனைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் நிரல்தடுப்பு நீட்சி என்பது அது. இத்தாலி நாட்டுச் சியார்சியோ மாவோனே 2005-இல் வெளியிட்ட நோசிகிரிப்டு அவற்றுள் மூத்தது. அது இட்ட கட்டளை எளிது: எந்த நிரலும் உடையவன் இசைவின்றி இயங்கக் கூடாது, எந்தெந்த முகவரியிலிருந்து நிரல் வர முயல்கிறது என்ற பட்டியலைக் காட்டு, உடையவன் ஒவ்வொன்றாகப் பார்த்து விடுக்கட்டும். வீட்டு வாயிலில் நிற்கும் காவலனுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இந்நீட்சியைப் பூட்டிக்கொண்டு நம் தமிழ்ப் பக்கங்களுக்குள் ஒருமுறை உலாவிப் பார்த்தால் போதும்; நெஞ்சு வேகும். ஊர்ச் செய்தியைத் திறந்தால் பத்துப் பதினைந்து முகவரிகள் வாயிலில் நிற்கின்றன. அவற்றுள் தமிழ் மண்ணிலுள்ளது ஒன்றோ இரண்டோ. அனைத்தையும் தடுத்தால், சில பக்கங்கள் வெறும் வெள்ளைத் தாளாய் நிற்கின்றன. நான்கு வரிச் செய்தி. எழுத்தும் சொல்லும் மட்டுமே. அதனைக் காட்டுவதற்குக்கூட அயலான் கிடங்கிலிருந்து ஏவல் வந்தாக வேண்டுமாம்! பக்கம் கட்டியோர் என்ன சொல்கின்றனர்? "தடுப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள்" என்கின்றனர். காவலனை அனுப்பிவிட்டு வா, பிறகு பேசலாம் என்பது போன்றது இது. தடுப்பு எதனையும் கெடுக்கவில்லை. அப்பக்கம் தன் கால்களில் நிற்கவில்லை என்ற உண்மையை வெளிப்படுத்திற்று, அவ்வளவே.

வெறும் அச்சம் என்று இதனைத் தள்ளுவோர்க்கு 2024-இல் நடந்ததைச் சொல்லவேண்டும். பாலிபில் என்று ஒரு நிரல். பழைய உலாவிகளிலும் புதிய வசதிகள் இயங்குமாறு இட்டு நிரப்பும் நற்பணி அதனுடையது. ஆண்ட்ரூ பெட்சு என்பவர் தொடங்கியது. ஊதியமின்றி உலகிற்குக் கொடுக்கப்பட்டது. அந்நிரல் கிடந்த முகவரியை உலகெங்கும் நூறாயிரத்துக்கு மேற்பட்ட தளங்கள் தத்தம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தன. 2024 பிப்ரவரியில் அம்முகவரியைச் சீனக் குழுமம் ஒன்று விலைக்கு வாங்கிற்று. நிரலைத் தோற்றுவித்தவரே அஞ்சி, அதனை உடனே நீக்குக என்று அப்போதே அறிவித்தார். கேட்டவர் சிலர். சூன் திங்களில் உண்மை வெளிப்பட்டது: அக்கிடங்கிலிருந்து வந்த நிரலில் நஞ்சு கலந்திருந்தது. கைப்பேசியில் பார்ப்போரைச் சூதாட்டப் பக்கங்களுக்குத் தள்ளிவிடும் ஏவல் அது. எல்லார்க்கும் எப்போதும் அது நேரவில்லை. குறித்த பொழுதுகளில், குறித்த கருவிகளில் மட்டும். தளத்தின் மேலாளர் பார்த்தால் ஒளிந்துகொள்ளும்படியும் எழுதியிருந்தனர். முடிவில் அம்முகவரியே முடக்கப்பட்டது.

அந்த நூறாயிரம் தளத்தாருள் ஒருவரும் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. அவர்கள் வழங்கியில் எவனும் புகவில்லை. எழுதி வைத்த ஒரு வரி அப்படியே இருந்தது. அந்த வரி சுட்டிய வீடு மட்டும் கைமாறிற்று. அயலான் கிடங்கை நம்புவதன் கேடு இதனினும் தெளிவாக விளங்க வேறு சான்று வேண்டுமா?

2018 பிப்ரவரியில் பிரித்தானியாவில் இன்னொன்று நடந்தது. எழுத்தைப் படிக்க இடர்ப்படுவோர்க்குப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும் பிரௌசலவுடு என்னும் நிரலுக்குள் திருடர் புகுந்து, மறைநாணயம் தோண்டும் ஏவலைச் செருகிவிட்டனர். அதனை வெளியிலிருந்து அழைத்துக்கொண்டிருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட தளங்கள் ஒருங்கே கெட்டன. மக்களின் செய்திக் காப்புரிமையைக் காப்பதற்கென்றே அங்கு அமைந்த அரசு அலுவலகத்தின் தளமும் அவற்றுள் ஒன்று. நம் அண்டையிலும் அதே ஆண்டில் ஆந்திர நகராட்சித் துறையின் பக்கமும் திருப்பதி மாநகராட்சியின் பக்கமும் இதே வகை ஏவலால் பார்ப்போரின் கணினியை உறிஞ்சின என்று செய்தி வந்தது. திருப்பதியில் உண்டியலில் போடுவது அறிந்து போடுவது. இது அறியாமல் பறிகொடுத்தது.

கிடங்கு கெடாவிட்டாலும் படுத்துவிடலாம். 2021 சூன் 8-ஆம் நாள் பாசிட்டிலி என்னும் ஒரே குழுமத்தின் கிடங்குகள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றுபோக, உலகின் பெருஞ் செய்தித்தாள்களும் பிரித்தானிய அரசின் பக்கமும் சேர்ந்தே நின்றன.

ஆயினும் இவ்வழக்கத்திற்கு ஆதரவாய் நெடுநாள் சொல்லப்பட்ட வாதமொன்று உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்வதே முறை. சே-குவெரி போன்ற களஞ்சியத்தைப் பலரும் ஒரே கிடங்கிலிருந்து அழைத்தால், ஒரு தளத்திற்காக எடுத்ததை உலாவி தன் மடியில் வைத்திருந்து அடுத்த தளத்திற்கும் பயன்படுத்தும். மறுபடி இறக்க வேண்டியதில்லை. ஏழை நாட்டு மெல்லிய இணைப்புக்கு அது நன்மை என்றனர். ஒரு காலத்தில் அது மெய்யே. இன்று அது மெய்யன்று. ஒரு தளத்திற்காக வைத்ததை மற்றொரு தளத்திற்குக் காட்டுவதால், இவன் எங்கெங்கே சென்றான் என்று உளவறிய இடமுண்டாயிற்று. ஆகவே உலாவிகள் அந்தப் பொதுமடியைத் தளந்தோறும் தனித்தனிப் பையாக்கிவிட்டன. சபாரி 2013-இலும் குரோம் 2020-இலும் பயர்பாக்சு 2021-இலும் இதனைச் செய்தன. அஃதாவது, வாதத்தின் வேர் அறுந்தது, வழக்கமோ அறவில்லை. பயிற்சி நிலையங்களில் இன்றும் அதே ஒருவரியைப் படியெடுத்து ஒட்டக் கற்பிக்கின்றனர். வேரற்ற மரத்திற்கு நீர் ஊற்றுவதில் நம்மவர்க்கு ஒரு தனித் திறமை.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் இங்கே இப்படிக் கேட்கக்கூடும்: அயல்நாட்டு நிரலையே அகற்றிவிட வேண்டியதுதானே? இல்லை. அரிக்கமேட்டு மண்ணைக் கிளறினால் இதற்கு விடை கிடைக்கும். 1945-இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் உரோம நாட்டு இருகைச் சாடிகளையும் இத்தாலியில் முத்திரையிட்ட மெருகுக் கலங்களையும் கண்டெடுத்தார். தேறலும் எண்ணெயும் கடல் கடந்து அச்சாடிகளில் வந்தன. அதே மண்ணிலிருந்து தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், அவ்விடத்திலேயே செய்த மணிகளும் வெளிப்பட்டன. தமிழ் வணிகன் யவனன் பொருளை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாடி கரையேறியதும் அது தமிழன் கிடங்கில் தமிழன் காவலில் நின்றது. தேறலை வார்க்கும்போதெல்லாம் உரோமில் எவனோ ஒருவன் மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. நேற்று வார்த்த தேறலை இன்று நஞ்சாக மாற்ற அவனால் ஆகவில்லை. வாங்குவது வேறு, பிறன் கைக்குள் கழுத்தை வைத்துக்கொண்டு வாங்குவது வேறு. சே-குவெரியின் சுருக்கப் படி ஏறத்தாழ 90 ஆயிரம் எண்மி. ஒரு திருமணப் படத்தினும் சிறியது. அதனைத் தன் வழங்கியில் வைக்க எவர் இசைவும் வேண்டா. ஆக்கியோர் அவ்வுரிமையைத் தந்தே வெளியிட்டுள்ளனர்.

தன் வீட்டில் வைத்ததனாலேயே எல்லாம் காப்பாகிவிடும் என்றும் எண்ணற்க. 2018-இல் பிரித்தானிய வானூர்தி நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்த நிரலிலேயே திருடர் இருபத்திரண்டு வரிகளைச் செருகி, நான்கு நூறாயிரத்துக்கு மேற்பட்டோரின் செய்திகள் பறிபோகச் செய்தனர். 2020-இல் அந்நிறுவனத்திற்கு இரண்டு கோடி பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. வீட்டிலும் காவல் வேண்டும். வெளியிலிருந்து வாங்கியே தீர வேண்டிய நிலையில், நிரலின் அடையாளக் குறியைக் கணக்கிட்டுப் பக்கத்திலேயே எழுதி வைக்கும் முறை 2016 முதல் பொது நெறியாக உள்ளது, வந்த நிரல் ஓர் எழுத்து மாறினாலும் குறி பொருந்தாது, உலாவி இயக்காது. ஆனால் பார்ப்பவரின் உலாவிக்குத் தக்கபடி நிரலையே மாற்றி மாற்றித் தந்த பாலிபில் போன்றவற்றிற்கு அது உதவாது. நிலையான படிக்கே நிலையான குறி.

இனி, தமிழ் எழுத்தைப் பற்றிய செய்தி. இதுதான் தமிழர்க்கு மிக நெருக்கமானது; மிகுந்த நாணத்திற்கும் உரியது. தமிழ்ப் பக்கங்கள் பலவற்றின் எழுத்துருக்கூட அப்பக்கத்தாரின் வழங்கியில் இல்லை. கூகுள் கிடங்கிலிருந்து ஒவ்வொரு முறையும் வருகிறது. வரும்போது, கேட்டவன் எந்த இணைய முகவரியினன் என்பது கொடுத்தவனுக்குத் தெரிகிறது. செருமனியில் மியூனிக்கு வழக்குமன்றம் 2022 சனவரி 20-ஆம் நாள், பார்ப்பவரின் இசைவின்றி இப்படி எழுத்துருவை வரவழைத்துத் தம் முகவரியைக் கசியவிட்டதற்காகத் தளத்துக்காரர் நூறு யூரோ இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொகை சிறிது, தீர்ப்பு பெரிது. நோட்டோ தமிழ், லோகித் தமிழ் முதலிய எழுத்துருக்கள் படியெடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமையோடு வெளியானவை. அவ்வுரிமை இருந்தும் இரவல் வாங்குவோரை என்னென்பது?

வடவெழுத்து ஐந்தையும் விலக்கி, ஒரு வேற்றுச் சொல் புகாமல் கட்டுரை யாத்து, அதனை அயலான் எழுத்துருவில், அயலான் நிரலில் இணையத்திலேற்றும் தனித்தமிழ்ப் பக்கங்களும் உண்டு. சொல்லில் காவல், வாயிலில் காவல் இல்லை. ஓர் அயற்சொல் புகுந்தால் துடிக்கும் நெஞ்சம், பன்னிரண்டு அயல் ஏவல்கள் புகுவதைக் கண்டு துடிக்காதது ஏன்? கண்ணுக்குத் தெரியாததால்தான். தடுப்பு நீட்சி அதனைக் கண்ணுக்குக் காட்டுகிறது. ஆதலால் அதனைத் தமிழன்பர் ஒருமுறையேனும் பூட்டிப் பார்த்தல் வேண்டும். அந்தக் காவலனும் முழுதும் நம் ஆள் அல்லன் என்பதையும் உடன் அறிதல் வேண்டும். 2024-25-இல் கூகுள் தன் குரோம் உலாவியின் விதிகளை மாற்ற, பலரும் கையாண்ட யூபிளாக்கு ஒரிசின் என்னும் தடுப்பு அவ்வுலாவியில் நிறுத்தப்பட்டது. பயர்பாக்சில் அது நிலைத்தது. காவலனை அமர்த்துமுன் வாயில் யாருடையது என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது.

இதற்கு மாறாகவும் ஒன்று உண்டு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் பெறாத் தொண்டர்களின் உழைப்பால் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் வைத்தது. எளிய பக்கம், எழுத்து மட்டும். எழுத்துக் குறியீடுகள் மாறி மாறி வந்து ஒருங்குறியில் நிலைத்தபோது அந்நூல்களையும் மாற்றி எழுதிக்கொண்டனர். எல்லா நிரலையும் தடுத்துவிட்டுத் திறந்தாலும் நூல் படிக்கக் கிடைக்கிறது. இருபத்தைந்தாண்டுக்கு மேலாகியும் அது தேயாமைக்குக் கரணியம் அவ்வெளிமையே. அரிக்கமேட்டு ஓட்டிலுள்ள எழுத்து இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் படிக்கக் கிடைத்ததும் அவ்வாறுதான்; அதனைக் காட்டுவதற்கு வேறெந்த ஊரிலிருந்தும் ஏவல் வரவேண்டியிருக்கவில்லை.

புதுவை அரசும் தமிழ்நாட்டரசும் தம் துறைப் பக்கங்களுக்கு ஒரு விதி எழுதினால் போதும்: எழுத்தாலான செய்தி எதுவும், இயங்குநிரல் ஒன்றுமில்லாமலே தெரிய வேண்டும், நிரலும் எழுத்துருவும் அரசின் சொந்த வழங்கியிலிருந்தே வரவேண்டும், பக்கம் கட்டித்தரும் ஒப்பந்தக்காரர் இதனைச் செய்து காட்டிய பிறகே அவர்க்குப் பணம். குறிப்பாகப் புயல், அலை, வெள்ளம், மருந்து, தேர்வு பற்றிய பக்கங்கள். புயலன்று இணைப்பு நூலிழையாய் இருக்கும். அவ்விழையில் அலை உயரம் என்ற ஓரெண் வரவேண்டுமானால் வரலாம்; அதனை அழகுபடுத்தும் பதினைந்து கிடங்குகளும் வரமாட்டா. ஓரெண்ணுக்காகக் காத்திருப்பவன் கடலோரத்தில் நிற்பான்.

தமிழியக்கத் தோழர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. தத்தம் இதழ்ப் பக்கத்தை, அமைப்புப் பக்கத்தை இன்றிரவே தடுப்பு நீட்சியோடு திறந்து பார்க்கலாம். வாயிலில் நிற்கும் முகவரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். வேண்டாதனவற்றை நீக்கி, வேண்டுவனவற்றைப் படியெடுத்துத் தம் வழங்கியில் வைக்கலாம். கணினி அறிந்த இளைஞர் ஒருவர் உடனிருந்தால், இரண்டு வெற்றிலை மடித்துப் போடுவதற்குள் எழுத்துரு வீடு வந்து சேர்ந்துவிடும்.